கூப்பிட்டால் நிற்கிற பிள்ளை

தாங்கி வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் முழங்காலில் தழும்பு கிடையாது.

தாங்கி என்பது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் ஒரு பின்னல் துணி. பார்க்கச் சாதாரண லெக்கின்ஸ் போலத்தான் இருக்கும். குழந்தை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியதும் அந்தப் பக்கத்து நூல்கள் விறைத்து, எடையை மறுபக்கம் தள்ளிவிடும். இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தான் விழ இருந்தது குழந்தைக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்கும் தாய்க்கும் தெரியாது. எட்டு மாதத்தில் மாட்டினால் ஐந்து வயதுவரை போடலாம். அதற்கு மேல் அளவு வரவில்லை. ஐந்து வயதுக்கு மேல் எந்தப் பிள்ளை விழுகிறது என்று கம்பெனி கேட்டது.

திருப்பூரில் அதைப் பின்னிய கம்பெனி தன் நிரந்தரத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. வடக்கிலிருந்து கான்ட்ராக்டில் வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. ஆகவே இரண்டு வகை முழங்கால்கள் உண்டாயின. நாளடைவில் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பதற்குப் பதிலாக முழங்காலைப் பார்த்தால் போதும் என்று ஆயிற்று. நல்ல பள்ளிக்கூடங்களில் சேர்க்கைக்குப் பிள்ளையை அரைக்கால் சட்டையிலோ கவுனிலோ கூட்டிவரச் சொன்னார்கள். ஏன் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. உயரம் குறைந்த முக்காலி ஒன்றில் பிள்ளையை உட்காரவைத்துப் பெயர் கேட்பார்கள். கேட்கிறவரின் கண் முழங்காலுக்குப் போய்த் திரும்பும்.

வசுமதி அந்தக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் தாங்கிகளை இரண்டு கையாலும் விரித்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, ஓட்டையோ நூலறுந்த இடமோ கண்ணில் பட்டால் அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைப்பது அவள் வேலை. அவள் கணவன் லோகு அதே கம்பெனியில் பின்னல் மெஷின் ஃபிட்டர். அவர்களின் ஒரே மகள் நித்திலா ஒருமுறைகூட விழாமல் ஐந்து வயதை முடித்தாள்.

கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்து வாசலில் ஒரு பலகை இருந்தது. ‘விழாத நாட்கள்’ என்று மேலே எழுதியிருக்கும். கீழே எண் ஏறிக்கொண்டே போகும். துணி வாங்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். காப்பகத்துப் பிள்ளைகள் வரிசையாக நடந்தார்கள். சத்தம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிட்ட இடத்திலேயே நின்று, முகத்தைத் திருப்பி, பதில் சொல்லிவிட்டு மறுபடி நடந்தார்கள்.

“நம்ம காலத்துல நாம இப்புடியா இருந்தோம்?” என்று காப்பகத்து ஆயா வசுமதியிடம் சொன்னாள். “உம்புள்ளையக் கூப்புட்டா நின்னு, மொகத்தப் பாத்துத்தான் பேசுது. மரியாதைன்னா அது மரியாதை.”

வசுமதிக்கு அது பெருமையாக இருந்தது.

தாங்கியைக் கழற்றி இரண்டு மாதம் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் நித்திலாவைக் கூட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போனாள். திரும்பும்போது சாலையைக் கடந்தார்கள். பாதி வழியில் பையின் காது அறுந்து தக்காளி உருண்டது. வசுமதி மகளின் கையை விட்டுவிட்டுக் குனிந்தாள். நித்திலா அதே வேகத்தில் நாலு எட்டு முன்னால் போய்விட்டாள். வளைவில் ஒரு டெம்போ வந்தது.

“நித்தி, ஓடு” என்றாள் வசுமதி.

நித்திலா நின்றாள். திரும்பி, “என்னம்மா?” என்று கேட்டாள்.

“ஓடு கண்ணு, ஓடு.”

நித்திலா நின்றபடியே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வசுமதி கூப்பிடக் கூப்பிட அவள் அங்கேயே நின்றாள். டெம்போ ஒரு கை தூரத்தில் நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினான்.

“ஏம்மா, புள்ளைய நிறுத்தி வெச்சுப் பேசறதுக்கு உனக்கு ஊடு வாசல் இல்லையா?”

வசுமதி மகளைச் சாலையோரத்துக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். “ஓடுன்னு சொன்னனே, ஏன் நின்ன?” என்று கேட்டாள்.

“நீ கூப்பிட்டியே.”

“கூப்புட்டா நிக்கணுமா?”

“நடந்துட்டே எப்படிம்மா கேக்கறது?” என்றாள் நித்திலா. அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அன்று மாலை வசுமதி மகளை அடுப்படியிலிருந்து வாசல் வரை நடக்கச் சொன்னாள். பாதியில் பெயரைச் சொன்னாள். நித்திலா நின்றாள். மறுபடி நடக்கச் சொல்லி, “ரெண்டும் மூணும் எத்தனை?” என்றாள். நித்திலா நின்று, ஐந்து என்று சொல்லிவிட்டு நடந்தாள். வசுமதி பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டாள். பாட்டு முடியும்வரை பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. பத்து முறை செய்து பார்த்தாள். பத்து முறையும் அப்படித்தான். வேலை முடிந்து வந்த லோகுவிடம் அதைச் செய்து காட்டினாள். அவன் சிரித்தான். பதினோராவது முறை அவன் சிரிக்கவில்லை.

டாக்டர் ஜெசிந்தா குழந்தைகளின் நடை, தசைக் கோளாறுகளைப் பார்ப்பவர். நாகர்கோவில்காரர். அவர் அறையில் தரையில் ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தது. நித்திலாவை அதன்மேல் நடக்கவிட்டு நடுநடுவே பேச்சுக் கொடுத்தார். பிறகு ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்து மூலையில் உட்காரவைத்தார்.

“எத்தனை மாசத்துல நடந்தா?”

“பத்து மாசத்துலங்க. காப்பகத்துலயே மொதல்ல நடந்தது இவதான்.”

“எத்தனை தடவை விழுந்திருக்கா?”

“ஒருக்காக்கூட விழுந்ததில்லீங்க” என்றாள் வசுமதி. வழக்கமான பெருமையோடுதான் அது வந்தது. சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது.

டாக்டர் தலையை ஆட்டினார். “நடக்கப் பழகுத குழந்தை ஒரு மணி நேரத்துல பத்து, பதினஞ்சு தடவை விழும். அது தப்பில்ல, அதுதான் பாடம். கண்ணு ஒண்ணு சொல்லும். காதுக்குள்ள சமநிலையப் பாக்க ஒரு உறுப்பு இருக்கு, அது ஒண்ணு சொல்லும். பாதம் ஒண்ணு சொல்லும். மூணும் ஒத்துப்போகலைன்னா கீழ விழும். இப்படி ஆயிரக்கணக்குல விழுந்து எந்திரிச்ச பிறகு, மூணும் தங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்கிடும். அதுக்கு மேல நடக்கதுக்குக் கவனமே தேவையில்ல. கவனம் வேற வேலைக்குப் போயிரும். பேசும், பாடும், வண்டி வருதான்னு பாக்கும்.”

“இவளுக்கு?” என்றான் லோகு.

“இவளுக்காக அந்தத் துணி பேசித் தீர்த்துக்கிட்டுது. இவ உடம்பு பேசவே இல்ல. துணி இருந்தப்பவும் கவனம் காலுலதான் இருந்திருக்கும், இப்ப துணியும் இல்ல. அதனால ஒவ்வொரு எட்டையும் யோசிச்சு யோசிச்சு வைக்கா. நல்லாத்தான் வைக்கா, விழாமத்தான் போறா. ஆனா மொத்தக் கவனமும் காலுக்கே செலவாயிருது. நீங்க கூப்பிட்டா ஒண்ணு நடக்கணும், இல்லைன்னா கேக்கணும்.”

லோகு தன் மெஷினை நினைத்துக்கொண்டான். “பின்னல் மெஷின்ல நூல ஊட்டற ஃபீடரு ஒண்ணுக்கு ஒரு நூலுதானுங்க. ரெண்டாவது நூலக் கொடுத்தா மெஷின் நின்னுரும்.”

“அதேதான்.”

“சரி பண்ணலாங்களா?” என்று வசுமதி கேட்டாள்.

“விழணும்.”

டாக்டர் மேலே ஏதாவது சொல்வார் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

“மருந்து கிடையாது. ஏழு வயசுக்குள்ள விழுந்து எந்திரிச்சுப் பழகிட்டான்னா வந்துரும். அதுக்கு மேல முடியாதுன்னு சொல்லமாட்டேன், ரொம்பக் கஷ்டம். நீங்க தள்ளிவிடக் கூடாது. அவளே தன்னை மறந்து விழணும். விழுந்தா தூக்கக் கூடாது.”

“இந்த மாதிரி வேற புள்ளைங்களும் வருதுங்களா?”

“இந்த மாசத்துல நீங்க ஏழாவது. மத்த ஆறு பேரும் புள்ளைக்குக் காது கேக்குதான்னு பாக்க வந்தவங்க. வீட்டுல எப்படி இருப்பான்னு கேட்டா எல்லாரும் ஒண்ணுதான் சொல்லுதாங்க. ரொம்ப அடக்கமான பிள்ளையாம்.”

வீட்டுக்கு வந்ததும் லோகு நாட்காட்டியைப் பார்த்தான். பள்ளிச் சேர்க்கைக்கு இரண்டு மாதம் இருந்தது. ஊரில் எல்லோரும் விரும்பும் பள்ளி அது. இடம் கிடைக்கும் என்று அவனுக்கு நம்பிக்கை இருந்தது.

“ரெண்டு மாசம் பொறு வசு. முட்டியில காயத்தோட போனா எடுக்க மாட்டாங்க. சீட்டு கெடைக்கட்டும். அப்பறம் எத்தனை வேணா விழட்டும்.”

“ரெண்டு மாசத்துல எத்தனை ரோடு தாண்டுவா மாமா?”

“கையப் புடிச்சுக்க.”

“எத்தனை வயசு வரைக்கும்?”

நித்திலா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்திருக்கும்போது அவள் எல்லோரையும்போல் பேசினாள், சிரித்தாள். எழுந்தால்தான் வேறு பிள்ளை ஆனாள்.

வசுமதி மறுநாளே தொடங்கினாள். அறையில் தலையணைகளைப் பரப்பி அவற்றின்மேல் நடக்கச் சொன்னாள். நித்திலா தலையணைகளைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். வழியில் கயிறு கட்டிவைத்தாள். நித்திலா அதை அவிழ்த்துச் சுருட்டி அம்மாவிடம் கொடுத்தாள். ஒரு வாரம் ஆயிற்று. பிள்ளை விழவே இல்லை.

அயர்னிங் பிரிவில் சுனைனா என்று ஒருத்தி இருந்தாள். ஜார்க்கண்டிலிருந்து கான்ட்ராக்டில் வந்து ஆறு வருடம் ஆகிறது. தமிழைக் கம்பெனியிலேயே கற்றுக்கொண்டவள். கம்பெனிக்குப் பின்னால் பத்து அறைகள் வரிசையாக இருக்கும் லைன் வீட்டில் குடியிருந்தாள். அவள் மகள் கோமலுக்கு நித்திலாவின் வயதுதான். கோமலின் முழங்கால்கள் கறுத்து, புண் ஆறிய பொருக்குகளோடு இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் வசுமதி அவளிடம் போய், நித்திலா விழப் பழகக் கோமலோடு விளையாட வரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். சுனைனா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் முழுவதையும் கேட்டாள்.

“என் பொண்ணு முட்டி பாத்து உங்க ஆளுங்க மொகத்தத் திருப்புவாங்க. இப்ப உங்க பொண்ணு முட்டிக்கும் அது வேணுமா?”

“வேணும்” என்றாள் வசுமதி.

சுனைனா சிரித்துவிட்டாள். “சரி, கூட்டி வா அக்கா. பெரிய வீடு இல்ல, சோபா இல்ல. விழறதுக்கு மட்டும் எடம் நெறைய இருக்கு.”

லைன் வீட்டு வாசலில் பதினைந்து பிள்ளைகள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தார்கள். முதல் நாள் நித்திலா நடுவில் நின்றாள். சத்தம் நிற்கவில்லை, ஆகவே அவளும் நகரவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே நின்றுவிட்டு, எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அம்மாவிடம் நடந்து வந்தாள். இரண்டாம் நாளும் அதேதான். கோமல் அவளைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“ஆன்ட்டி, இதுக்கு சார்ஜ் போடணுமா?” என்று வசுமதியிடம் கேட்டாள்.

நாலாம் நாள் கோமல் தன் அம்மாவின் துப்பட்டாவைக் கொண்டுவந்து ஒரு முனையை நித்திலாவின் மணிக்கட்டில் கட்டினாள். மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் ஓடத் தொடங்கினாள். நித்திலா இழுபட்டாள். துப்பட்டாவைப் பார்த்தாளே தவிரக் காலைப் பார்க்கவில்லை. ஐந்தாறு எட்டு வேகமாக வந்தவள், முகம் குப்புற விழுந்தாள்.

வசுமதி பாதி எழுந்துவிட்டாள். சுனைனா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“அது உன் வேல இல்ல அக்கா.”

நித்திலா அழவில்லை. விழுந்த நிலையிலேயே அசையாமல் கிடந்தாள். துணி வந்து தூக்கும் என்று உடம்பு காத்திருந்தது. துணி வரவில்லை. மண்ணிலிருந்து தலையை மட்டும் தூக்கி, “அம்மா, இப்ப என்ன செய்யணும்?” என்று கேட்டாள்.

கோமல்தான் பதில் சொன்னாள்.

“எந்திரி. இல்லாட்டி எறும்பு வரும்.”

நித்திலா எழுந்தாள். முழங்காலில் மண்ணோடு கலந்து ரத்தம் கசிந்தது. அவள் அதைக் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். தன் உடம்புக்குள் அப்படி ஒரு நிறம் இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

அடுத்த நாள் காப்பகத்திலிருந்து வசுமதிக்கு அழைப்பு வந்தது. பிள்ளை எங்கே வேண்டுமானாலும் விழலாம், காப்பகத்துக்குள் விழக் கூடாது என்றார்கள். விழுந்தால் வாசல் பலகை பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். வசுமதி அன்றே நித்திலாவை அங்கிருந்து எடுத்துவிட்டாள். பகலில் சுனைனாவின் நாத்தனார் லைன் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்த்து அவளையும் பார்த்துக்கொண்டாள்.

செக்கிங் மேசையில் செய்தி பரவியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பரிமளா அக்கா இருபது வருடமாக அங்கே வேலை செய்பவள். “என்ன வசு, உன்ற பீஸ்ல டேமேஜ் வந்துருச்சாமே. அம்பு ஒட்டட்டா?” என்றாள்.

“ஒட்டுங்கக்கா. ரோலு பத்தாது, இன்னொண்ணு எடுத்து வெய்யுங்க.”

பரிமளா அக்கா சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன.

சேர்க்கை நாளன்று நித்திலாவின் இரண்டு முழங்காலிலும் சேர்த்து ஏழு காயங்கள் இருந்தன. மூன்று ஆறியவை. நாலு ஆறாதவை. அவளை முக்காலியில் உட்காரவைத்தார்கள். தலைமையாசிரியை பெயர் கேட்டார். நித்திலா சொன்னாள். தலைமையாசிரியையின் கண் கீழே போயிற்று, உடனே திரும்பவில்லை.

“நீங்க அந்தக் கம்பெனியிலதான வேலை பாக்கறீங்க? பொண்ணுக்குத் தாங்கி மாட்டலையா?”

“மாட்டியிருந்தோம் மேடம். இப்ப விழறதுக்குப் பழக்கறோம்.”

“பழக்கறீங்களா” என்றார் தலைமையாசிரியை. ஏதோ எழுதிக்கொண்டார். வசுமதி டாக்டர் சொன்னதையெல்லாம் விளக்கினாள். அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, “எங்க பிள்ளைங்க எல்லாரும் கூப்பிட்டா நிப்பாங்கம்மா. எண்ணூறு பேரை வெச்சுக்கிட்டு எங்களுக்கு அதுதான் வசதி” என்றார்.

சேர்க்கைப் பட்டியலில் நித்திலாவின் பெயர் இல்லை. லோகு அதை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் படித்தான். மூன்று நாள் வசுமதியோடு பேசவில்லை. நாலாம் நாள் வேலை முடிந்ததும் நேராக லைன் வீட்டுக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து மகளைப் பார்த்தான். அவள் அன்று ஓடிக்கொண்டே யாரையோ திட்டினாள். ஓடிக்கொண்டே ஒரு வார்த்தைதான், பிறகு நின்றுவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை லோகு வீட்டுக்கு வந்து வசுமதியிடம் சொன்னான்.

“‘போடி’ன்னா. ஓடிட்டே சொன்னா வசு.”

இதற்கிடையில் டாக்டர் ஜெசிந்தா ஏழு பிள்ளைகளின் விவரங்களையும் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார். ஒரு மாதம் கழித்து கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவிலிருந்து பிரணவ் என்ற இளைஞர் வந்தார். வசுமதியைக் கேன்டீனுக்கு அழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எதிரே உட்கார்ந்தார். அவ்வளவு பணிவாக அவளிடம் அந்தக் கம்பெனியில் யாரும் பேசியதில்லை.

“நீங்க உங்க வார்த்தையிலயே சொல்லுங்கம்மா. அவசரமே இல்ல.”

வசுமதி டெம்போவைச் சொன்னாள். அடுப்படியிலிருந்து வாசல் வரை நடக்கவிட்டதைச் சொன்னாள். பாட்டைச் சொன்னாள்.

“எத்தனை தடவை கூப்பிட்டாலும் நின்னாளா?”

“நின்னாளுங்க சார்.”

“கூட்டத்துல? வெளையாட்டு மும்முரத்துல?”

“எங்க இருந்தாலும் நிப்பா. எல்லாப் புள்ளைங்களும் அப்புடித்தான்.”

“மெதுவாக் கூப்பிட்டா?”

“காதுல விழுந்தாப் போதுங்க.”

“ஒரு தடவைகூடத் தவறினதில்லையா?”

“இல்லீங்க சார். அதுதானுங்களே பயம்.”

பிரணவ் எழுதியதன் கீழே ஒரு கோடு போட்டார். வசுமதி அந்தக் கோட்டைப் பார்த்தாள். மனம் நிறைந்தது. “இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல, ரொம்ப நன்றிம்மா” என்று சொல்லி அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

“கேட்டுக்கிட்டாங்க மாமா” என்று அன்று மாலை லோகுவிடம் சொன்னாள். “கோடு போட்டு எழுதிக்கிட்டாங்க.”

ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது மாதம் செக்கிங் மேசைக்குப் புதிய அட்டை வந்தது. ஒவ்வொரு தாங்கியிலும் அதைக் கோத்து அனுப்ப வேண்டும். பரிமளா அக்கா ஒன்றை எடுத்து உரக்கப் படித்தாள்.

“‘கூப்பிட்டால் நிற்கிற பிள்ளை. புதிய தாங்கி. இப்போது பத்து வயது வரை.’ அடேயப்பா. பத்தோட நிறுத்திட்டாங்களே. எம்புருசனுக்கு ஒரு சைசு வருமான்னு கேளுங்கடி.”

மேசை முழுவதும் சிரித்தது.

வசுமதி அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஒரு சிறுமி சாலையோரத்தில் நின்று திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் படம். அட்டையைக் கோத்தாள். தாங்கியை இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டை இல்லை. அறுந்த நூல் இல்லை. அவள் பார்க்கத் தெரிந்த குற்றம் எதுவும் அந்தத் துணியில் இல்லை. மடித்து, நல்லவற்றோடு வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அன்று அவள் கையால் அறுநூறுக்கு மேல் போயிற்று. வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தாள். இரண்டு முறையும் கை அடுத்த துணியை எடுத்துவிட்டிருந்தது.

அந்த வாரம் டாக்டர் ஜெசிந்தாவிடம் போய் அட்டையைக் காட்டினாள். அவர் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இந்த மாசம் எத்தனை பேருங்க வந்தாங்க?” என்று வசுமதி கேட்டாள்.

“யாரும் வரலைம்மா.”

“ஒருத்தருமே இல்லீங்களா?”

“நோய்னு நெனைச்சாத்தான வருவாங்க.”

நித்திலா மாநகராட்சிப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். கோமலும் அதே வகுப்பு. மாலையில் பள்ளி விட்டதும் வசுமதி போய்க் கூட்டிவருவாள். கூட்டிவருவது என்பது பெயருக்குத்தான். பிள்ளைகள் இருவரும் முப்பது அடி முன்னால் போவார்கள், அவள் பின்னால் போவாள். கிளைச் சாலை. வண்டி அதிகம் வராது.

அன்று நித்திலா பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். முகம் கோமலைப் பார்த்திருந்தது. இரண்டு கையையும் விரித்து ஏதோ கதை சொன்னாள்.

“நித்தி, நில்லு” என்றாள் வசுமதி.

நித்திலா நிற்கவில்லை. “வர்றேம்மா, நீ வா” என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள்.

பக்கத்தில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பக்கத்துத் தெருக்காரி, முகப் பழக்கம் உண்டு. ஊரில் எல்லோரும் விரும்பும் அந்தப் பள்ளியின் சீருடையில் எட்டு வயது மகள் அவளுக்கு முன்னால் போனாள். சீருடைப் பாவாடைக்குக் கீழே தாங்கி தெரிந்தது. அந்தப் பெண் வசுமதியைப் பார்த்து அனுதாபத்தோடு சிரித்தாள். பிறகு காட்டுவதற்காகவே, மிக மெதுவாக, “தன்யா” என்றாள்.

அந்தச் சிறுமி அங்கேயே நின்றாள். திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“பாத்தீங்களா? சத்தமே போட வேண்டியதில்லீங்க. நீங்களும் ஒண்ணு வாங்கி மாட்டுங்க. இந்த வயசுல விட்டுட்டா அப்பறம் நம்ம சொல்லுக்கு அடங்காதுங்க.”

“மாட்டியிருந்தோமுங்க” என்றாள் வசுமதி.

“அப்பறம்?”

முன்னால் நித்திலாவின் குதிகால் ஒரு கல்லில் இடித்தது. அவள் சாலையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“... அதுக்கு டீச்சரு, கொடையே இல்லாம எதுக்குடி மடக்கறன்னு கேட்டாங்களா,” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். கையை ஊன்றி எழுந்தாள். “அதுக்கு அவ சொல்றா, மழ வந்தா விரிக்கறதுக்குன்னு.” பாவாடையைத் தட்டிக்கொள்ளவில்லை. கோமல் சிரித்தபடி அவள் தோளில் கை போட்டாள். இருவரும் திருப்பத்தைக் கடந்து போனார்கள். பேச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“நல்லா அடிபட்டிருக்குமுங்க, போய்ப் பாருங்க” என்றாள் அந்தப் பெண். அதன் பிறகும் அவள் பேசினாள். தாங்கி எங்கே கிடைக்கும் என்று சொன்னாள். எந்த நிறம் அழுக்குத் தெரியாது என்று சொன்னாள். தன் நாத்தனார் பிள்ளைக்கும் வாங்கியதைச் சொன்னாள்.

தன்யா நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா இன்னும் பேசி முடிக்கவில்லை.